கட்டியின் மரபணுவைப் படிப்பிக்கும் முன்

மொரப்பூர்ப் பக்கத்தில் அறுபது வயதைக் கடந்த ஒரு பெரியவருக்குப் புராஸ்டேட் சுரப்பியில் புற்று இருக்கிறதென்று வைத்தியர் சொன்னவுடன், அவருடைய பிள்ளைகளும் மருமக்களும் சிகிச்சை என்னவென்று கேட்பதற்கு முன்பே இன்னும் எத்தனை காலம் என்று கேட்டுவிடுகிறார்கள். அந்தக் கேள்விக்கு விடை கிடைக்குமென்ற நம்பிக்கையில்தான், பெருநகரத்து மருத்துவமனைகளில் இப்பொழுது சர்வசாதாரணமாகப் பேசப்படும் 'ஜீன் டெஸ்ட்' என்ற பரிசோதனைக்காகக் கையிருப்பைக் கரைக்கவும் கடன் வாங்கவும் குடும்பங்கள் துணிகின்றன. கட்டியின் மரபணுத் தொகுதியை எழுத்தெழுத்தாகப் படிப்பதனால் நோயின் போக்கைப் பற்றி எவ்வளவு தெரியும், தெரிந்ததைக்கொண்டு மருந்தில் எதை மாற்றலாம், அதற்கு வீட்டார் முன்கூட்டியே செய்து வைக்க வேண்டியவை எவை என்பதை விளக்குவது இந்த அத்தியாயத்தின் நோக்கம். என் அபிப்பிராயத்தைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். எந்த முடிவை மாற்றுவதற்காக எடுக்கிறோம் என்று தெரியாமல் எடுக்கப்படும் மரபணுப் பரிசோதனை வீண் செலவு. அது தெரிந்து, உரிய சமயத்தில், கெடாத திசுவில் எடுக்கப்படுமானால், பரவிவிட்ட நோயிலும் சிலருக்கு அது மாதக்கணக்கிலும் சமயங்களில் வருடக்கணக்கிலும் ஆயுளை நீட்டித் தரக்கூடும்.

மரபணு வாசிப்பு வருவதற்கு நெடுங்காலம் முன்பிருந்தே இந்த வியாதியின் போக்கை அளந்து சொல்லும் சாதனங்கள் மூன்று உண்டு: ரத்தத்திலுள்ள பி.எஸ்.ஏ. அளவு, பயாப்சியில் எடுத்த திசுவை நுண்ணோக்கியில் பார்த்து, டொனால்ட் கிளீசன் என்ற அமெரிக்க நோய்க்குறியியல் நிபுணர் 1966-இல் வெளியிட்ட முறைப்படி இடும் கிளீசன் மதிப்பெண், நோய் சுரப்பிக்குள் அடங்கியிருக்கிறதா, நிணநீர்க் கணுக்களுக்கோ எலும்புக்கோ பரவிவிட்டதா என்று காட்டும் ஸ்கேன். முன்கணிப்பின் பெரும்பாரத்தை இன்றைக்கும் இம்மூன்றுமே சுமக்கின்றன. கிளீசன் 6 என்று எழுதப்பட்டு, சுரப்பிக்குள்ளேயே அடங்கிக் கிடக்கும் நோய், பத்தாண்டு கழித்துப் பார்த்தாலும் பெரும்பாலோரின் உயிரை வாங்குவதில்லை. அப்படிப்பட்ட பெரியவரின் கட்டியை மரபணு வாசிப்புக்கு அனுப்ப யாரேனும் வற்புறுத்தினால், காரணம் கேட்டுப் பதில் திருப்தியாக இல்லையெனில் மறுத்துவிடுவதில் தவறில்லை.

சுயார்ஜிதமும் பிதிரார்ஜிதமும்

மனித உடலின் ஒவ்வோர் உயிரணுவிலும் இருக்கும் டி.என்.ஏ. என்ற நெடுஞ்சுருள், ஒரு பிரதிக்கு ஏறக்குறைய 300 கோடி எழுத்துக்களால் ஆனது. உயிரணு பிரியும்போதெல்லாம் இந்த எழுத்துக்கள் படியெடுக்கப்படுகின்றன. படியெடுப்பில் நேரும் பிழைகளைத் திருத்துவதற்கென்றே சில மரபணுக்கள் உடலில் இருக்கின்றன. திருத்தப்படாத பிழைகள், வளர்ச்சியைத் தூண்டும் இடங்களிலும் வளர்ச்சியை அடக்கும் இடங்களிலும் சேர்ந்துவிட்டபோது புற்று உண்டாகிறது. கட்டியிலிருந்து எடுத்த திசுவின் டி.என்.ஏ.-வைச் சிறு துண்டுகளாக்கி, ஒவ்வோர் இடத்தையும் நூற்றுக்கணக்கான முறை இயந்திரத்தால் படித்து, பிழையற்ற மாதிரியோடு ஒப்பிட்டு, எங்கெங்கே மாறுதல் என்று பட்டியலிடுவதே வரிசைப்படுத்தல் என்னும் காரியம். முழுத் தொகுதியையும் படிப்பது பெரும்பாலும் ஆராய்ச்சிக்காக. நோயாளிக்கு வழக்கமாகச் செய்வது, புற்றோடு சம்பந்தப்பட்ட சில பத்து அல்லது சில நூறு மரபணுக்களை மட்டும் தேர்ந்தெடுத்து ஆழமாகப் படிக்கும் 'பேனல்' பரிசோதனை.

இங்கே ஒரு பேதத்தை நன்றாக மனத்தில் வாங்கிக்கொள்ள வேண்டும். நிலம் வாங்கி விற்ற எவருக்கும் பிதிரார்ஜிதச் சொத்துக்கும் சுயார்ஜிதச் சொத்துக்கும் உள்ள வித்தியாசம் தெரியும். கட்டியில் காணப்படும் மாறுதல்களும் அவ்வாறே இருவகைப்பட்டவை. பெரும்பாலானவை அந்தக் கட்டி தானே சம்பாதித்துக்கொண்டவை. அவை பிள்ளைகளுக்குப் போவதில்லை, கட்டியோடு பிறந்து கட்டியோடு முடிகின்றன. சிலவோ தகப்பன் வழியாகவோ தாய் வழியாகவோ வந்து, உடலின் எல்லா உயிரணுக்களிலும் இருந்து, மகனுக்கும் மகளுக்கும் பாதிக்குப் பாதி வாய்ப்போடு இறங்குபவை. திசுவை மட்டும் படித்த அறிக்கை இவ்விரண்டையும் எப்போதும் பிரித்துக் காட்டுவதில்லை. பிரித்து அறிய வேண்டுமானால் ரத்தத்திலோ உமிழ்நீரிலோ தனிப் பரிசோதனை தேவைப்படும்.

பரவிய புராஸ்டேட் புற்றில் இந்தப் பரம்பரை வகை அபூர்வமானதென்று வைத்தியர்கள் நெடுங்காலம் நினைத்திருந்தார்கள். 2016-இல் வெளியான ஆராய்ச்சி ஒன்று அந்த நினைப்பைத் தகர்த்தது. பரவிய நோயுள்ள 692 ஆண்களை, குடும்பத்தில் யாருக்குப் புற்று இருந்தது என்பதைக் கருதாமலேயே சோதித்துப் பார்த்ததில், 82 பேருக்கு, அதாவது நூற்றில் ஏறக்குறைய பன்னிரண்டு பேருக்கு, டி.என்.ஏ.-வைத் திருத்தும் மரபணுக்களில் பிறவிக் குறை இருந்தது; அதில் மிக அதிகமான பங்கு, மார்பகப் புற்றோடு தொடர்புபடுத்தி நாம் கேள்விப்பட்டிருக்கும் பி.ஆர்.சி.ஏ.2 என்ற மரபணுவுக்கே உரியது.

மிச்சிகனில் தொடங்கிய கதை

ஆண் ஹார்மோனை நிறுத்தினால் இந்தப் புற்று சுருங்கும் என்று சார்லஸ் ஹக்கின்ஸ் 1941-இல் நிரூபித்து, அதற்காக 1966-இல் நோபல் பரிசும் பெற்றார். இன்றும் மூன்று மாதத்துக்கு ஒரு முறை போடப்படும் ஹார்மோன் ஊசி அந்தக் கண்டுபிடிப்பின் சந்ததியே. ஆனால் ஒருவருக்கு ஊசி எட்டு ஆண்டு கேட்பதும் மற்றொருவருக்கு எட்டே மாதத்தில் பலன் தராமற் போவதும் ஏன் என்று அக்காலத்தில் யாராலும் சொல்ல முடியவில்லை. 2005-இல் அமெரிக்காவின் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில், பெயரிலேயே தமிழ் ஒலிக்கும் அருள் சின்னையன் தலைமையிலான குழுவினர், ஆண் ஹார்மோனால் இயக்கப்படும் டி.எம்.பி.ஆர்.எஸ்.எஸ்.2 என்ற மரபணுவின் தொடக்கப் பகுதி, வளர்ச்சியைத் தூண்டும் ஈ.ஆர்.ஜி. என்ற மற்றொரு மரபணுவோடு ஒட்டிக்கொண்டு விடுவதைப் புராஸ்டேட் கட்டிகளில் கண்டறிந்தார்கள். மேல்நாட்டு நோயாளிகளுள் ஏறக்குறைய பாதிப் பேரிடம் இருக்கும் இந்த இணைப்பு, சாதாரணக் கட்டிகளில் இப்படி ஒன்று இருக்கக்கூடும் என்றே யாரும் எதிர்பாராத ஒன்றாகையால், புற்றாராய்ச்சியில் பெரும் பரபரப்பை உண்டாக்கிற்று. அதே பல்கலைக்கழகத்தில் பணியாற்றிய நல்லசிவம் பழனிசாமி முதலியோர் 2010-இல், அரிதாகச் சில கட்டிகளில் ராஃப் வகை மரபணுக்களும் இவ்வாறே இணைந்திருப்பதைக் காட்டினார்கள்.

இந்த இடத்தில் சற்று நின்று யோசிப்பது வாசகருக்கு உபயோகமாயிருக்கும். பாதிப் பேரிடம் காணப்படும் இவ்வளவு பெரிய மாறுதல், நோயின் முடிவையும் நிர்ணயிக்கத்தானே வேண்டும் என்று எவரும் அனுமானிப்பர். ஆனால் அறுவைச் சிகிச்சை பெற்ற 1,180 ஆண்களைப் பல ஆண்டுகள் தொடர்ந்து கவனித்து 2012-இல் வெளியிடப்பட்ட ஆய்வில், அந்த இணைப்பு இருந்தவருக்கும் இல்லாதவருக்கும் நோய் திரும்புவதிலோ மரணத்திலோ குறிப்பிடத்தக்க வேற்றுமை இல்லை. ஒரு மாறுதல் புற்று உண்டாவதற்குக் காரணமாக இருக்கலாம். உண்டான புற்று எப்படி நடந்துகொள்ளும் என்பதைப் பற்றி அது மௌனமாக இருக்கலாம். அறிக்கையின் முதற் பக்கத்தில் தடித்த எழுத்தில் ஈ.ஆர்.ஜி. என்று அச்சிட்டிருப்பதைக் கண்டு கலங்குவதற்கோ மகிழ்வதற்கோ எதுவுமில்லை.

முடிவோடு மெய்யாகவே சம்பந்தமுள்ள மாறுதல்கள் வேறு. 2015-இல் இரண்டு பெரிய தொகுப்புகள் வெளிவந்தன. பரவாத நோயுள்ள 333 பேரின் கட்டிகளைப் படித்த ஒன்று, அவற்றுள் நான்கில் மூன்று பங்கை ஏழு வகைகளாகப் பிரித்துக் காட்டியது; ஹார்மோன் சிகிச்சைக்குக் கட்டுப்படாமல் பரவிய நோயுள்ள 150 பேரைப் பற்றிய மற்றொன்று, பி.ஆர்.சி.ஏ.2, பி.ஆர்.சி.ஏ.1, ஏ.டி.எம். என்ற மூன்று திருத்த மரபணுக்களில் ஏதோவொன்றில் கோளாறு உள்ளவர்கள் ஏறக்குறைய ஐவரில் ஒருவர் என்று தெரிவித்தது. பின்னர், 2019-இல், 429 நோயாளிகளின் மரபணு வாசிப்பையும் அவர்கள் பிற்காலத்தில் வாழ்ந்த காலத்தையும் பக்கத்தில் வைத்து ஒப்பிட்டபோது, வளர்ச்சியை அடக்கும் ஆர்.பி.1 என்ற மரபணுவை இழந்துவிட்ட கட்டிகளே மிகக் குறுகிய ஆயுளோடு பலமாகத் தொடர்புபட்டிருந்தன. டி.பி.53 என்பதும் பி.டென் என்பதும் இதே அடக்கும் இனத்தவை. இவற்றுள் இரண்டு, மூன்று ஒரே கட்டியில் சேர்ந்து கெட்டிருந்தால் நோய் முரட்டுத்தனமாக நடந்துகொள்ளும் என்பது பல குழுக்கள் ஒப்புக்கொண்ட விஷயம். எஸ்.பி.ஓ.பி. என்ற மரபணுவில் மாறுதலுள்ள கட்டிகளோ ஹார்மோன் சிகிச்சைக்கு நன்றாகக் கட்டுப்படும் தன்மை உடையவை.

பி.ஆர்.சி.ஏ.2-இன் கதை விசேஷமானது. கெட்ட செய்தியும் நல்ல செய்தியும் அதில் ஒருசேர இருக்கின்றன. பி.ஆர்.சி.ஏ. பிறவிக் குறையுள்ள ஆண்களின் புராஸ்டேட் புற்று விரைந்து பரவுவது. 2,019 நோயாளிகளைக் கொண்டு 2013-இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வில், இந்த நோயினால் மரணம் நேரும் வரையிலான இடைநிலைக் காலம், குறை இல்லாதவருக்கு 15.7 ஆண்டுகளாகவும் உள்ளவருக்கு 8.6 ஆண்டுகளாகவும் இருந்தது. ஆயினும், திருத்தும் வேலையை ஏற்கெனவே பாதி இழந்துவிட்ட அந்தக் கட்டி, மிச்சமிருக்கும் மற்றொரு திருத்தும் வழியையும் அடைத்துவிட்டால் தாங்காது. அந்த வழியை அடைப்பவை 'பார்ப்' தடுப்பு மாத்திரைகள். ஓலாபரிப் என்ற அத்தகைய மாத்திரையை 2015-இல் 49 பேருக்குக் கொடுத்துப் பார்த்ததில், திருத்த மரபணுவில் கோளாறு இருந்த 16 பேரில் 14 பேருக்கு நோய் தணிந்தது. 2020-இல் முடிவு வெளியான பெரிய சோதனையில், பி.ஆர்.சி.ஏ.1, பி.ஆர்.சி.ஏ.2, ஏ.டி.எம். கோளாறுள்ள 245 பேரில் ஓலாபரிப் பெற்றவர்களுக்கு நோய் அதிகரிக்காமல் இருந்த இடைநிலைக் காலம் 7.4 மாதம், வழக்கமான ஹார்மோன் மாத்திரைக்கு மாற்றப்பட்டவர்களுக்கு 3.6 மாதம், ஆயுளின் இடைநிலை முறையே 19.1 மாதமும் 14.7 மாதமும். இவர்களுள் ஏ.டி.எம். குறை மட்டும் உள்ளவர்களுக்குப் பலன் குறைவு என்பதும் அதே சோதனையின் உள்விவரங்களில் புலப்பட்டது. இடைநிலை என்பதன் பொருளையும் வாசகர் கவனிக்க வேண்டும்: பாதிப் பேர் அதற்கு முன்பும் பாதிப் பேர் அதற்குப் பின்பும் என்பதே அது, உங்கள் வீட்டுப் பெரியவர் எந்தப் பாதியில் இருப்பார் என்பதை எந்த இயந்திரமும் சொல்லாது.

யாருக்கு, எப்போது

ஆகவே பரிசோதனை யாருக்கு வேண்டும் என்பது ஓரளவு தெளிவாகிறது. நோய் எலும்புக்கோ வேறிடத்துக்கோ பரவிவிட்டவருக்கு அது வேண்டும். பரவாவிட்டாலும், தாய், சகோதரி, மகள் இவர்களில் யாருக்கேனும் மார்பகத்திலோ சினைப்பையிலோ புற்று இருந்திருந்தால், அல்லது தகப்பனோ சகோதரனோ இதே நோயால் இளம் வயதில் இறந்திருந்தால், பிறவிக் குறைக்கான ரத்தப் பரிசோதனையைப் பற்றி வைத்தியரிடம் கேட்கலாம். ஹார்மோன் ஊசி நன்றாகப் பலன் தந்துகொண்டிருக்கும்போதே திசுவைப் படித்து வைத்துக்கொள்வதா, அல்லது ஊசி பலன் இழக்கும்வரை காத்திருப்பதா என்பதில் வைத்தியர்களிடையே வழக்கம் வேறுபடுகிறது. அறிக்கை வர வாரக்கணக்கில் ஆகும் என்பதாலும், நோய் மீண்டும் தலைதூக்கும் நேரத்தில் அந்த வாரங்கள் அருமையானவை என்பதாலும், பணம் இடங்கொடுத்தால் முன்னதாகச் செய்வதே மேல் என்று எனக்குத் தோன்றுகிறது.

வைத்தியரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான். "ஐயா, இந்த டெஸ்டில் என்ன வந்தாலும் அப்பாவுக்குக் கொடுக்கும் மருந்து மாறுமா? மாறுமென்றால் எந்த மருந்து, அது நம்மால் வாங்கக்கூடிய விலையா?" என்று கேட்டுப் பதில் வாங்கிக்கொள்ளுங்கள். பதில், மருந்து மாறாது, தெரிந்துகொள்வதற்காக மட்டும் என்று வந்தால், அந்தத் தொகையை வேறு காரியத்துக்கு வைத்துக்கொள்ளலாம். பார்ப் மாத்திரையின் மாதச் செலவு பலருக்கு எட்டாதது; ஆனால் பி.ஆர்.சி.ஏ. கோளாறுள்ள கட்டிகள் கார்போபிளாட்டின் போன்ற பழைய, விலை குறைந்த பிளாட்டின மருந்துகளுக்கும் கட்டுப்படுவதுண்டு என்பதால், மாத்திரை வாங்க வழியில்லை என்பதாலேயே பரிசோதனை பயனற்றதென்று முடிவுகட்ட வேண்டாம். நூற்றில் மூவர் அளவுக்கு, எழுத்துப் பிழை திருத்தத்தின் வேறொரு வகை கெட்டிருப்பதைக் காட்டும் 'எம்.எஸ்.ஐ.' என்ற முடிவு வரலாம். அவர்களுக்கு உடலின் எதிர்ப்புச் சக்தியைத் தூண்டும் மருந்துகள் பலன் தரக்கூடும். முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டம் சிகிச்சையின் பல பகுதிகளுக்கு உதவுகிறது. மரபணுப் பரிசோதனை அதற்குள் அடங்கும் என்று தாமாக எண்ணிக்கொள்ளாமல், மருத்துவமனையிலுள்ள காப்பீட்டுப் பிரிவில் எழுத்துமூலம் கேட்டுக்கொள்வது நல்லது.

மெழுகுக் கட்டியைக் காப்பாற்றுதல்

இந்த அத்தியாயத்தில் வேறெதை மறந்தாலும் இந்தப் பகுதியை மறக்கலாகாது. ஏனெனில் பரிசோதனை தோல்வியுறுவதற்குப் பெரும்பாலும் காரணம் இயந்திரமன்று, திசு. மேற்கூறிய 2020-ஆம் ஆண்டுச் சோதனைக்காக உலகெங்குமிருந்து 4,047 பேரின் கட்டித் திசுக்கள் திரட்டப்பட்டு, அவற்றுள் 2,792 மட்டுமே, அதாவது நூற்றுக்கு 69 மட்டுமே, படிக்கக்கூடியனவாக இருந்தன; செல்வந்த நாடுகளின் பெரிய மருத்துவமனைகளிலிருந்து வந்தவற்றின் கதியே இதுவென்றால், நம் பக்கத்து நிலைமையை ஊகித்துக்கொள்ளலாம்.

பயாப்சியில் ஊசியால் எடுக்கப்படும் துண்டுகள் நூலைப் போல மெல்லியவை. அவை ஃபார்மலினில் இடப்பட்டு, பிறகு மெழுகில் பதிக்கப்பட்டு, 'பிளாக்' என்று ஆய்வகத்தார் சொல்லும் சிறு கட்டியாகின்றன; அதிலிருந்து சீவிய மெல்லிய படலம்தான் கண்ணாடி ஸ்லைடில் ஒட்டி நுண்ணோக்கியில் பார்க்கப்படுகிறது. மரபணு வாசிப்புக்கு வேண்டியது அந்த பிளாக்கே. திசுவை எடுத்தவுடன் ஃபார்மலினில் போடாமல் தாமதித்தாலும், நாட்கணக்கில் ஃபார்மலினிலேயே ஊறவிட்டாலும் டி.என்.ஏ. சிதைந்துபோகும். பிளாக்கில் புற்றணுக்கள் ஐந்தில் ஒரு பங்காவது இருந்தால்தான் முடிவு நம்பத்தக்கது என்பது பொதுவான கணக்கு. நம் ஊர்ப் பெரியவர்களுள் பலருக்குச் சிறுநீர் அடைப்புக்காகச் செய்யும் சுரண்டல் அறுவையின்போதுதான் இந்த நோயே கண்டுபிடிக்கப்படுகிறது. அப்படிச் சுரண்டியெடுத்த சதைத் துணுக்குகள் ஊசிப் பயாப்சியைவிடத் தாராளமானவையாதலால், அந்த பிளாக்கையும் விட்டுவிடாமல் கேட்டு வாங்குங்கள்.

மொரப்பூரிலிருந்து ஒருவர் சிகிச்சைக்குப் போகும் வழிகளைப் பார்த்தால், பிளாக் எவ்வளவு எளிதாகத் தவறிப்போகும் என்பது விளங்கும். முதற் பரிசோதனை தருமபுரி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ அரூரிலோ நடக்கும். 1906 முதல் மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஓடிய சிறிய ரயில் 1941-இல் நின்றுபோனபின் அந்தப் பயணம் பஸ்ஸில்தான். பயாப்சி சேலத்தில் எடுக்கப்படலாம். பிறகு பெரிய வைத்தியம் வேண்டுமென்றால் சென்னை மார்க்கத்து ரயிலேறி, காட்பாடியில் இறங்கி வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கோ, சென்னை வரை போய், டாக்டர் முத்துலட்சுமி ரெட்டியின் முயற்சியால் 1954-இல் தொடங்கிய அடையாற்றுப் புற்றுநோய் நிலையத்துக்கோ போவார்கள். இவற்றுள் ஒவ்வோர் இடத்திலும் ஒரு புதிய ஃபைல் உண்டாகிறது. பழைய பிளாக்கோ முதல் ஆய்வகத்தின் அலமாரியிலேயே இருந்துவிடுகிறது. அதை எத்தனை ஆண்டு வைத்திருப்பார்கள் என்பது இடத்துக்கு இடம் வேறுபடும். ஆகையால் பயாப்சி எண்ணையும் ஆய்வகத்தின் பெயரையும் தேதியையும் தனித்தாளில் எழுதி நோயாளியின் ஃபைலில் முதலாவதாக வைத்துக்கொள்ளுங்கள். ஊர் மாறிச் சிகிச்சைக்குப் போகும் முன்பு, விண்ணப்பம் எழுதிக்கொடுத்து பிளாக்கையும் ஸ்லைடுகளையும் கையெழுத்திட்டு வாங்கிக்கொள்ளுங்கள். கேட்டால் கொடுப்பார்கள், கேட்பவர்தாம் குறைவு. புதிய மருத்துவமனையில் மறுபரிசோதனைக்கு பிளாக்கைக் கொடுக்கும்போது, மரபணு வாசிப்புக்கு வேண்டியிருக்கும், முழுவதும் சீவித் தீர்த்துவிட வேண்டாம் என்று ஒரு வரி எழுதிக் கொடுப்பதும் அவசியம். சித்திரை, வைகாசி மாதங்களில் பிளாக்கை மோட்டார் சைக்கிள் பெட்டியிலோ வெயிலில் நிற்கும் காரிலோ போட்டு வைக்காமல், கைப்பையில் வைத்து எடுத்துச் செல்லுங்கள், மெழுகு மெழுகுதான்.

எலும்பிலிருந்து பயாப்சி எடுத்தால் கூடுதல் எச்சரிக்கை தேவை. எலும்பைச் சீவும்படி மிருதுவாக்க ஆய்வகங்கள் வழக்கமாக அமிலத்தில் ஊறவைக்கும்; அமிலம் சுண்ணாம்போடு டி.என்.ஏ.-வையும் கரைத்துச் சிதைத்துவிடும். மரபணு வாசிப்புக்கென்று முன்கூட்டியே சொன்னால், இ.டி.டி.ஏ. என்ற மென்மையான கரைசலை உபயோகிப்பார்கள். வேலை சில நாள் நீளும், திசு பிழைக்கும்.

எலும்பைப் பற்றிப் பேசும்போது தருமபுரி மாவட்டத்தாருக்கே உரிய ஒரு சங்கடத்தையும் குறிப்பிட்டாக வேண்டும். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் நடைமுறைக்கு வருவதற்கு முன்பு, இந்தப் பக்கத்து ஊர்கள் பலவற்றில் ஃப்ளூரைடு மிகுந்த கிணற்று நீரையே குடித்து மக்கள் வளர்ந்தார்கள்; பல்லில் காவி படிவதோடு நில்லாமல், நெடுங்காலம் குடித்தவர்களின் முதுகெலும்பும் இடுப்பெலும்பும் அடர்த்தியாகி இறுகிப்போவதும், மூட்டுக்கள் பிடித்துக்கொள்வதும் இங்கே புதிதன்று. புராஸ்டேட் புற்று எலும்புக்குப் பரவினாலும் அது எலும்பை அரிப்பதைவிட அடர்த்தியாக்குவதே அதிகம். முதுகெலும்பையும் இடுப்பெலும்பையும் அதுவும் விரும்பி நாடும். எக்ஸ்-ரேயில் இவ்விரண்டும் ஒன்றுபோலத் தோன்றுவது வைத்தியர்கள் அறிந்த விஷயமேயானாலும், வெளியூர் வைத்தியருக்கு நோயாளி எந்த மண்ணின் நீரைக் குடித்து வளர்ந்தவர் என்பது தெரியாது. ஆகவே முதல் சந்திப்பிலேயே, "இத்தனை வருஷம் போர்த் தண்ணீர் குடித்தவர்" என்று சொல்லிவிடுங்கள். மறுபக்கத்தில், எழுபது வயதுப் பெரியவரின் தீராத முதுகுவலியைப் பழைய தண்ணீர்க் கோளாறு என்று வீட்டாரே தீர்மானித்து ஆண்டுக்கணக்கில் தைலம் தடவிக்கொண்டிருப்பதும் ஆபத்து, ஒரு பி.எஸ்.ஏ. ரத்தப் பரிசோதனை அந்தச் சந்தேகத்தை வெகுவாகத் தெளிவிக்கும்.

அறிக்கை வந்தபின்

அறிக்கை கைக்கு வந்ததும் முதலில் பார்க்க வேண்டியது, பரிசோதனை நிறைவேறியதா என்பதே. 'மாறுதல் ஒன்றும் காணப்படவில்லை' என்பதும், 'திசு போதாமையால் படிக்க இயலவில்லை' என்பதும் முற்றிலும் வேறானவை. இரண்டையும் 'நார்மல்' என்று சுருக்கிச் சொல்லி ஃபைலை மூடிவிடும் வழக்கத்தினால், உதவியிருக்கக்கூடிய மருந்தை இழப்பவர்கள் உண்டு. அடுத்து, ஒவ்வொரு மாறுதலுக்கும் எதிரே அது நோயை உண்டாக்குவதா, பெரும்பாலும் உண்டாக்குவதா, பொருள் தெரியாததா என்று வகை குறிக்கப்பட்டிருக்கும். இந்தப் பொருள் தெரியாத வகை நம் மக்களின் அறிக்கைகளில் மிகுதியாக வருவதன் காரணம் எளிது: ஒப்பிட்டுப் பார்க்கும் மாதிரிகளில் பெரும்பாலானவை ஐரோப்பிய வம்சத்தவருடையவை. ஜனங்களுக்கு ஜனங்கள் வேறுபாடு இருக்கிறது என்பதற்குச் சீனத்திலிருந்து வந்த சான்று பிரபலமானது. அங்கே 208 நோயாளிகளின் புராஸ்டேட் கட்டிகளைப் படித்து 2020-இல் வெளியிட்டபோது, மேல்நாட்டில் சிறுபான்மையாக உள்ள ஃபாக்ஸ்.ஏ.1 என்ற மரபணுவின் மாறுதல் நூற்றில் 41 பேரிடம் இருந்தது. இந்தியாவில் இந்தத் துறையில் கான்பூர் ஐ.ஐ.டி.-யின் புஷ்ரா அத்தீக், ஈ.ஆர்.ஜி. இணைப்பு இல்லாத கட்டிகளில் ஒரு பிரிவான ஸ்பிங்க்-1 வகையைப் பற்றிச் செய்த ஆராய்ச்சி மெச்சத்தக்கது. அவருக்கு 2020-இல் பட்நாகர் பரிசும் கிடைத்தது. சென்னை ஐ.ஐ.டி. 2025 பிப்ரவரியில் தொடங்கிய பாரத் புற்றுநோய் மரபணுத் தொகுப்பு, முதற்கட்டமாக 480 மார்பகப் புற்று நோயாளிகளைக் கொண்டது. புராஸ்டேட்டுக்கும் அத்தகைய பெருந்தொகுப்பு நம் மக்களிடமிருந்து எழும்வரை, பொருள் தெரியாத மாறுதல் ஒன்றை வைத்துக்கொண்டு மருந்தை மாற்றவோ மகளின் கலியாணத்தைத் தள்ளிப்போடவோ வேண்டாம். ஓரிரு ஆண்டு கழித்து ஆய்வகத்துக்கு எழுதி, அந்த வகை மாற்றப்பட்டிருக்கிறதா என்று கேட்டுக்கொண்டால் போதும்.

திசு கிடைக்காதபோது ரத்தத்தில் மிதக்கும் கட்டித் துகள்களைப் படிக்கும் முறையும் உண்டு. நோய் பரவி அதிகரித்துக்கொண்டிருக்கும்போது அது நன்றாக வேலை செய்யும். ஹார்மோன் ஊசியால் அடங்கியிருக்கும்போது ரத்தத்தில் துகள்களே இராதாகையால் ஒன்றும் தெரியாமற் போகும். முதுமையில் ரத்த வெள்ளணுக்களிலேயே சில மாறுதல்கள் தாமாகச் சேர்வதுண்டு. அவற்றைக் கட்டியினுடையவையென்று மயங்க இடமிருக்கிறது. முற்றிய நோயுள்ள 69 பேரைக் கொண்ட ஓர் ஆய்வில், 7 பேருக்கு அப்படிப்பட்ட போலி மாறுதல், அதுவும் பார்ப் மாத்திரைக்குத் தகுதி தரும் மரபணுக்களில், இருந்தது. வெள்ளணுக்களையும் தனியே படித்து ஒப்பிட்டார்களா என்று கேளுங்கள்.

குடும்பத்தாருக்கு

பிறவிக் குறை என்று உறுதியானால், அறிக்கை ஒருவருக்கு மட்டும் உரியதாக இருப்பதில்லை. குறையுள்ள மகனுக்கு நாற்பது வயதிலிருந்தே பி.எஸ்.ஏ. பரிசோதனையும், மகளுக்கு இருபத்தைந்திலிருந்து மார்பக எம்.ஆர்.ஐ. பரிசோதனையும் தொடங்குவது சர்வதேச வழிகாட்டுதல். அக்காள் மகளையும் மாமன் மகளையும் மணக்கும் வழக்கமுள்ள நம் பக்கத்தில் இன்னொரு காரியமும் இருக்கிறது: கணவன், மனைவி இருவருமே பி.ஆர்.சி.ஏ.2 குறையைத் தாங்கியவர்களாக அமைந்துவிட்டால், பிறக்கும் குழந்தை நான்கில் ஒரு வாய்ப்போடு ஃபான்கோனி ரத்தசோகை என்ற கொடிய வியாதிக்கு ஆளாகும். உறவில் சம்பந்தம் பேசும் குடும்பங்கள் இதை மரபணு ஆலோசகரிடம் ஒரு முறை பேசிவிட்டு முடிவு செய்வது உசிதம். இளவயதினர் பெங்களூரிலும் திருப்பூரிலும் வேலையாக இருப்பதால், மரபணுவின் பெயரும் மாறுதலின் குறியீடும் உள்ள பக்கத்தைப் படியெடுத்து ஒவ்வொருவருக்கும் அனுப்பி வையுங்கள். அந்தக் குறியீடு கையில் இருந்தால், அவர்கள் பெரிய பேனல் பரிசோதனைக்குப் பணம் கட்ட வேண்டியதில்லை. அந்த ஓரிடத்தை மட்டும் படிக்கும் சிறிய ரத்தப் பரிசோதனையே போதும். அதில் குறை இல்லையென்று வந்த பிள்ளையின் வழியில் வரும் பேரன் பேத்திகளுக்கு, மறுபெற்றோர் வழியில் அக்குறை இல்லாதிருந்தால், அதைத் தேடும் பரிசோதனை தேவைப்படாது.